நீரிழிவுச் சிறுநீரக நோயும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதியும்: எது யாருக்கு?

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். சீனர்களைவிட இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் நீரிழிவு அதிகம். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் இல்லையென்றால் வலியே இல்லாமல் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியும். சிறுநீரில் நுரை தெரியும்போது பாதிப்பு பெரும்பாலும் முற்றியிருக்கும்.

ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி வேறு ரகம். ஐ.ஜி.ஏ. என்ற நோய் எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தில் படிவதால் வரும் நோய் இது. சர்க்கரையே இல்லாத 20, 30 வயதுக்காரர்களுக்கும் வரும். கிழக்காசிய வம்சாவளியினரிடம் அதிகம். தொண்டைவலி வந்த ஓரிரு நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் போகலாம். சிலருக்குத் தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில்தான் தெரியவரும்.

நம் வீடுகளில் முதலாவதுதான் எனக்குப் பெரிய கவலை. அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால், பலதுறை மருந்தகத்தில் ஆண்டுக்கொருமுறை சிறுநீர் ஆல்புமினையும் பார்க்கச் சொல்லுங்கள். மகனுக்குச் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடல்சூடு என்று இளநீர் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.