ஒன்பது ரேடியேட்டர், எட்டுக் குளிர்காலம்

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் நாங்கள் வாங்கிய வீடு 1970களில் கட்டியது. மூன்று படுக்கையறை, உள்ளே சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ஒன்பது ரேடியேட்டர், அந்தத் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் எரிவாயுவில் காய்ச்ச சமையலறை அலமாரிக்குள் ஒரு காம்பி பாய்லர். வாங்கும்போது கூரையைப் பார்த்தோம், சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தோம், பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்றுகூட விசாரித்தோம். ஜூன் மாதம் என்பதால் ஹீட்டிங்கைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பரில் வினை தெரிந்தது. மாடியில் பிள்ளைகள் அறையில் இருந்த ரேடியேட்டர் கீழே சுட்டது, மேலே ஜில்லென்று இருந்தது. மேல்பக்கம் குளிர்ந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கடையில் ஒரு சின்னச் சாவி வாங்கி, மேல் மூலையில் இருக்கும் சதுரத் திருகில் மாட்டி லேசாகத் திருப்பினேன். ‘ஸ்ஸ்’ என்று காற்று போய், தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடினேன். கொஞ்ச நேரத்தில் மேலேயும் சூடு. பெரிய மெக்கானிக் ஆகிவிட்ட நினைப்பு எனக்கு.

மறுநாள் காலை பாய்லரே நின்றுவிட்டது. காற்றை வெளியேற்றினால் பிரஷரும் இறங்கும் என்பது அப்போது தெரியாது. பாய்லர் ஆறியிருக்கும்போது பிரஷர் காட்டும் முள் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும், எங்களுடையது 0.5க்கும் கீழே கிடந்தது. பாய்லருக்கு அடியில், புதுத் தண்ணீரை உள்ளே விட, கம்பி பின்னிய ஒரு வளைகுழாய் இருக்கும். அதன் இரண்டு பக்கத் திருகையும் மெதுவாகத் திறந்து, முள் ஏறியதும் மறக்காமல் இரண்டையும் மூட வேண்டும். இது இரண்டு நிமிட வேலைதான்.

அந்த இரண்டு நிமிடத்தை இரண்டு வருடம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காற்றை இறக்கு, தண்ணீரை ஏற்று. மூடிய குழாய்க்குள் வாராவாரம் காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. என் முட்டாள்தனம் அதுதான்.

மூன்றாவது குளிர்காலம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். கூடத்து ரேடியேட்டரில் துண்டைக் காயப்போட்டுவிட்டு, “ஏண்டா, துண்டுல மேல்பாதி மொறுமொறுன்னு காஞ்சிருக்கு, கீழ்ப்பாதி சொதசொதன்னு அப்படியே இருக்கே?” என்றார். தொட்டுப் பார்த்தேன். இதில் மேலே சூடு, அடியில் நடுப்பகுதி குளிர். மாடியில் இருந்ததற்கு நேர் எதிர். சாவியைப் போட்டால் காற்றே வரவில்லை, கறுப்பாகத் தண்ணீர்தான் வந்தது.

கூப்பிட்ட முதல் ஆள் ரேடியேட்டரைத் தொடாமலேயே, பாய்லர் பழசு, மாற்றிவிடுங்கள் என்று 2,400 பவுண்டு சொன்னார். ஏறக்குறைய சம்மதித்தும் விட்டேன். இன்னொருவரையும் கேட்போமே என்றது என் மனைவி. இரண்டாவதாக வந்தவர் ஒரு வெள்ளைக் கோப்பையில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, அடியில் ஒரு காந்தத்தை வைத்தார். கறுப்பெல்லாம் காந்தத்தின் பக்கம் ஒதுங்கியது. ரேடியேட்டரின் இரும்பு உள்ளிருந்தே அரித்து, மேக்னடைட் என்னும், மையைப் போன்ற கறுப்புத் துருத் துகளாக மாறியிருக்கிறது. அது கனமானது என்பதால் அடியில் சேறாகப் படிகிறது. அதே அரிப்பில் ஹைட்ரஜன் வாயு உண்டாகி மேலே சேர்கிறது. நான் ‘காற்று’ என்று இறக்கிக்கொண்டிருந்ததில் பாதி அதுவாக இருக்கலாம். இதற்கெல்லாம் தீனி போட்டது யார்? வாராவாரம் புதுத் தண்ணீரையும் அதோடு ஆக்சிஜனையும் ஏற்றிக்கொண்டிருந்த நான்தான்.

பிரஷர் இவ்வளவு இறங்குவதற்கு ஒரு கசிவும் இருக்க வேண்டும் என்று அவர் தேடினார். குளியலறையில் துண்டு காயப்போடும் சுடுதண்ணீர்க் கம்பியின் வால்வுக்குப் பின்னால், பித்தளையில் பச்சை பூத்திருந்தது. கசிகிற சொட்டு அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடுவதால் தரையில் ஈரமே இல்லை. நட்டை இறுக்க ஐந்து நிமிடம் ஆனது.

கூடத்து ரேடியேட்டரைக் கழற்றித் தோட்டத்தில் கழுவியது என் வேலை. இரண்டு பக்க வால்வையும் மூடிவிட்டுத்தான் நட்டைத் தளர்த்த வேண்டும். ஒரு பக்க வால்வில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் எண் போட்ட தலை இருக்கும், மறுபக்கத்தில் வெறும் மூடிதான்; அந்த மூடி வால்வை எத்தனை சுற்றில் மூடினோம் என்று எழுதி வையுங்கள், திரும்ப அதே அளவு திறக்க வேண்டும். தட்டு, பழைய துண்டு எல்லாம் வைத்தும் கம்பளத்தில் ஒரு கை அளவு கறுப்புக் கறை விழுந்தது. அதன் மேல் இப்போது ஒரு பூந்தொட்டி நிற்கிறது. தோட்டக் குழாயை உள்ளே விட்டதும் தார் கரைத்ததுபோல் கொட்டியது; தெளிய அரை மணி நேரம் பிடித்தது.

அப்புறம் அவர் பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றை மாட்டி, துருத்தடுப்பு மருந்தும் ஊற்றினார். என்னைக் கேட்டால் இந்த வீட்டுக்குச் செலவழித்த காசில் உருப்படியான காசு இதுதான். முதல் வருடம் காந்தத்தைக் கழற்றியபோது விரல் தடிமனுக்குச் சேறு. இப்போது மெல்லிய பூச்சு மட்டும்.

சில்லறைத் தொல்லைகள் தொடர்ந்தன. அக்டோபரில் ஏதாவது ஒரு ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். எண் போட்ட தலையைத் திருகி எடுத்தால் நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும். கோடை முழுக்க மூடி வைத்ததால் அமுங்கியபடியே சிக்கியிருக்கும். ஸ்பேனர் பிடியால் பக்கத்தில் மெல்லத் தட்டினால் மேலே எழும்பிவிடும். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள், ஊசியே கையோடு வந்தால் அறை முழுக்கத் தண்ணீர்தான். இப்போதெல்லாம் கோடையில் எல்லாத் தலையையும் முழுக்கத் திறந்தே வைக்கிறேன். ஊசி சிக்குவதில்லை.

கடைசி அறைக்குச் சூடு போகாததற்குக் காரணம் வேறு. பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்கள் சுடுதண்ணீரை முதலிலேயே வாங்கிக்கொண்டன. அவற்றின் மூடி வால்வுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று குறுக்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். பிள்ளைகள் அறைக்கு அப்போதுதான் விடிவு வந்தது.

இவையெல்லாம் தண்ணீர்ப் பக்கத்து வேலை, நிதானமாகச் செய்தால் நாமே செய்யலாம். எரிவாயு வேலை என்றால், அதற்கென்று பிரிட்டனில் இருக்கும் கேஸ் ஸேஃப் பட்டியலில் பதிவுள்ளவர்தான். பாய்லரின் முகப்பு மூடியை நான் தொட்டதே இல்லை.

போன வருடம் தண்ணீரின் வெப்பத்தை 75 டிகிரியிலிருந்து 60க்குக் குறைத்தேன். திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55க்குக் கீழே இருந்தால்தான் எங்களுடையது போன்ற கண்டன்சிங் பாய்லர், புகையில் போகும் வெப்பத்தையும் சரியாகப் பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்புதான், ஆனால் அறை 19 டிகிரியில் நிற்கிறது. இந்த முறை வந்திருந்த அம்மா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “மறுபடி கெட்டுப்போச்சுடா” என்றார். தெர்மாமீட்டரைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. துண்டைத்தான் காயப்போட்டார்.