2024 அனிமேஷன்: பேசும் ரோபோவா, பேசாத பூனையா?

2024இல் வந்த அனிமேஷன் படங்களில் எது முதலிடம் என்று கேட்டால், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். வசூலைக் கேட்டால் பிக்ஸாரின் ‘இன்சைட் அவுட் 2’. உலகம் முழுக்க சுமார் 169 கோடி டாலர். அனிமேஷன் துறைக்கென்றே வழங்கப்படும் ஆனி விருதுகளில் ‘தி வைல்ட் ரோபோ’ ஒன்பதை அள்ளியது. ஆஸ்கரோ ‘ஃப்ளோ’வுக்குப் போனது.

வசூல் ராஜாவை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ரைலி என்ற சிறுமியின் தலைக்குள் இருக்கும் உணர்ச்சிகள்தான் இதில் கதாபாத்திரங்கள். ஹாக்கி மைதானத்தில் அவளுக்கு மூச்சு முட்டும் காட்சி அபாரம். மற்றபடி, உணர்ச்சிகள் தலைமையகத்தை விட்டு வெளியே போய், தட்டுத் தடுமாறித் திரும்பி வரும் அதே பழைய ரூட்தான். முதல் பாகத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்த திருப்பம் எங்கே என்று தெரிந்துவிடும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில். இரண்டிலும் மனிதர்கள் கிட்டத்தட்ட இல்லை. இரண்டிலும் தனி ஆளாக இருந்த ஒன்று, ஒத்தே போகாத மிருகங்களோடு சேர்ந்து பிழைக்கக் கற்றுக்கொள்கிறது. ஒரு படம் பேசுகிறது, இன்னொன்று வாயே திறப்பதில்லை.

கிறிஸ் சாண்டர்ஸ் இயக்கிய ‘தி வைல்ட் ரோபோ’வில், தீவில் கரை ஒதுங்கும் ராஸ் என்ற ரோபோவுக்கு முதலில் மிருகங்களின் மொழி புரியாது. ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்கிறது. அதுவரை வெறும் சத்தமாக இருந்த காடு அதன் பிறகு பேசத் தொடங்குகிறது. வசனத்தைக் கொண்டுவர இதைவிட நேர்மையான வழி இருக்க முடியாது. லுபிடா நியோங்கோவின் குரலும் கூடவே மாறுகிறது: ஆரம்பத்தில் ‘உங்களுக்கு எப்படி உதவலாம்’ வகைச் சிரிப்பு, போகப் போக ஒரு தாயின் களைப்பு. காடு முழுக்கத் தூரிகையால் தீட்டியது போலிருக்கும். பளபளவென்று வந்த ராஸ் அடிபட்டுப் பாசி படியப் படிய, அதன் உடம்பும் அந்த ஓவியத்தில் கலந்துவிடும். ராஸ் எடுத்து வளர்த்த வாத்துக்குஞ்சு பெரிதாகிக் கூட்டத்தோடு பறந்து போகும் கட்டத்தில், கிரிஸ் பவர்ஸின் இசையோடு சேர்த்து, எனக்குக் கண் கலங்கியது. சரி, அங்கேயே முடித்திருக்கலாம். அதற்கப்புறம் ராஸைத் தயாரித்த நிறுவனம் அதைத் தேடி வருகிறது, சண்டை, தீ. நமக்கு ஏற்கெனவே புரிந்ததையெல்லாம் ஆளாளுக்கு வசனமாகச் சொல்கிறார்கள்.

‘ஃப்ளோ’வில் அந்தத் தொல்லையே கிடையாது. லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ், ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளில், சுமார் 35 லட்சம் யூரோவில் எடுத்த படம். பெருவெள்ளத்தில் ஒரு பூனை மற்ற மிருகங்களோடு படகில் தப்பிக்கும் கதை. ‘வைல்ட் ரோபோ’வின் 7.8 கோடி டாலர் பட்ஜெட்டில் இது ஒரு மூலைக்குக் காணாது. பணமில்லாதது கண்ணுக்கும் தெரிகிறது: பூனையின் ரோமம் இழை இழையாக இல்லை, சில இடங்களில் வீடியோ கேம் பார்ப்பது போலிருக்கும். பத்து நிமிடத்தில் அது மறந்துபோகும். நெடுநேரம் வெட்டே இல்லாமல் கேமரா பூனையின் உயரத்திலேயே, அதன் பின்னாலேயே ஓடுவதுதான் காரணம். வெள்ளம் ஏன் வந்தது, மனிதர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் விளக்குவதில்லை. மிருகங்களின் ஒலிகூட அசல். கேபிபாரா என்ற பெரிய கொறிவிலங்குக்கு அதன் சொந்தக் குரல் பொருந்தாமல் ஒட்டகக் குட்டியின் குரலைப் போட்டிருக்கிறார்கள்! மிருகங்கள் படகின் சுக்கானைத் திருப்புவது கொஞ்சம் ஏமாற்று வேலைதான். இருந்தாலும் என் ஓட்டு ‘ஃப்ளோ’வுக்கே. பக்கத்தில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் ரோபோவைப் போடுங்கள். பூனை தண்ணீரில் தத்தளிக்கும்போது, அதற்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்ல அந்தப் படத்தில் ஆளில்லை.

பேசாமலே மிரட்டுவதில் இன்னொரு கில்லாடி, களிமண் பொம்மைகளை வைத்து எடுக்கும் ‘வாலஸ் அண்ட் க்ராமிட்’ படங்களின் பெங்குவின் வில்லன். 1993இல் அறிமுகமாகி 2024 படத்தில் திரும்பினான். முகபாவம் என்று ஒன்றும் இல்லை, இரண்டு பொட்டுக் கண் மட்டும். பிரிட்டனில் இந்தப் படம் கிறிஸ்துமஸ் அன்று நேராக பிபிசி தொலைக்காட்சியில்தான் வந்தது. ‘மோவானா 2’ போனது எதிர்த்திசையில்: ஓடிடி தொடராகத் தொடங்கியதைப் படமாக்கித் தியேட்டருக்கு அனுப்பினார்கள். நூறு கோடி டாலரைத் தாண்டியது, ஆனால் எபிசோடுகளை ஒட்டிய தையல் தெரிகிறது.

தொடர்களில் ‘ஆர்கேன்’ இரண்டாம் சீசனா, ‘எக்ஸ்-மென் 97’ஆ? அழகுப் போட்டி என்றால் பேச்சே இல்லை. பாரிஸின் ஃபோர்டிஷ் ஸ்டுடியோ செய்த ‘ஆர்கே’னின் எந்த ஃப்ரேமை நிறுத்தினாலும் சுவரில் மாட்டலாம். எம்மி விருதும் அதற்குத்தான். ஆனால் ஒன்பது எபிசோடில் மூன்று சீசனுக்கான கதையைத் திணித்ததால், இரண்டு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய இடத்தில் பாட்டைப் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். இங்கே மௌனம் பலவீனம். ஏழாவது எபிசோட் மட்டும் நிதானமாக மூச்சு விடுகிறது, அதனாலேயே மனதில் நிற்கிறது.

மியூட்டண்ட் எனப்படும், பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்டவர்களின் கதையான ‘எக்ஸ்-மென் 97’ இதற்கு நேர் எதிர். ஆளாளுக்கு நாடக மேடை போல முழங்குகிறார்கள். வரைகலையும் 1992 முதல் 1997 வரை ஓடிய பழைய தொடரின் பாணிதான். ஆனால் ஐந்தாவது எபிசோடில், மியூட்டண்ட்கள் வாழும் தீவான ஜெனோஷாவில் நடப்பதைப் பார்த்துவிட்டு உடனே அடுத்ததைப் போட மனம் வராது. அந்த அடிக்குக் காரணம் முன்னால் நான்கு எபிசோட் முழுக்க அவர்கள் பேசித் தீர்த்த பேச்சு. தொடர்களில் நான் தேர்ந்தெடுப்பது இதை. பழைய 76 எபிசோடையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். ‘ஆர்கே’னுக்கோ 2021இல் வந்த முதல் சீசனைப் பார்க்காமல் உள்ளே நுழையவே முடியாது.