22 எம்பி மெயில் ஏன் திரும்பி வந்தது: பெரிய கோப்பை அனுப்ப எது தோது?

ஒரு விழா மலரின் பிடிஎஃப்பை சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு மெயிலில் அனுப்பினேன். அளவு 22 எம்பி. ஜிமெயில் 25 வரை விடுகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஐந்தே நிமிடத்தில், அளவு அதிகம் என்று திரும்பி வந்துவிட்டது.

மெயில் எழுத்துகளுக்காக உருவான ஏற்பாடு. கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்தாக மாற்றித்தான் அது கொண்டுபோகிறது. அப்படி 22 எம்பி ஏறக்குறைய 30 ஆகிவிடும். வாங்குபவரின் மெயில் சர்வர் பல நேரம் இந்த ஊதிய அளவைத்தான் பார்க்கும். அதனால் 18 எம்பிக்கு மேல் போனாலே நான் மெயிலில் இணைப்பதில்லை.

ஜிப் செய்தால் போதாதா? ஜேபெக் படம், வீடியோ எல்லாம் ஏற்கெனவே சுருக்கியவை. ஜிப்பில் பெரிதாக எதுவும் குறையாது. பல கோப்புகளை ஒரே கட்டாகக் கட்ட மட்டும் அது உதவும்.

வாட்ஸாப்பில் 2 ஜிபி வரை போகும். ஆனால் படத்தை ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்ப வேண்டும். போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், அச்சுக்கு ஆகாது.

வீட்ரான்ஸ்ஃபர் என்ற தளத்தில் கோப்பை ஏற்றி லிங்க்கை அனுப்பலாம், வாங்குபவருக்குக் கணக்கே தேவையில்லை. முன்பின் பழகாதவருக்கு ஒரே ஒருமுறை அனுப்ப அதுதான் சுலபம். ஆனால் லிங்க் சில நாளில் காலாவதியாகிவிடும். தொடர் விடுமுறை முடிந்து அச்சகம் திறக்கும்போது கோப்பு இருக்காது.

என் ஓட்டு கூகுள் டிரைவுக்கு. இலவச 15 ஜிபியில் மெயிலும் போட்டோவும் பங்கு கேட்கும், அது உண்மை. ஆனாலும் மலரின் 14ஆம் பக்கத்தில் தலைவர் பெயரில் ஒற்றுப்பிழை என்று ராத்திரி பத்து மணிக்குத் தெரிந்தால்? மெயிலில் போனது போனதுதான். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’ என்று இரண்டு கோப்பு அவர்கள் கையில் இருக்கும், பழையதை அச்சடித்துவிடுவார்கள். டிரைவில் அதே கோப்பின் மேல் புதிய பதிப்பை ஏற்றினால் லிங்க் மாறாது, காலையில் அதைத் திறப்பவருக்குத் திருத்தியதுதான் கிடைக்கும். முந்தின நாளே இறக்கி வைத்திருந்தால் மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அனுப்புமுன் லிங்க்கை பிரவுசரின் மறைநிலைச் சன்னலில் (இன்காக்னிட்டோ, அதில் உங்கள் கணக்கு திறந்திருக்காது) ஒட்டிப் பாருங்கள். அனுமதி கேட்டு நின்றால் அச்சகத்தாருக்கும் அதே கதிதான். ஆதார் நகல், சம்பளச் சீட்டு மாதிரியானவற்றை மட்டும் ‘லிங்க் உள்ள எவரும்’ என்று திறந்து விடாமல், வாங்குபவரின் மெயில் முகவரிக்கே அனுமதி கொடுங்கள்.