87,400 ரூபாய் போச்சு: பாட்டில் லேபிள் அச்சுக்கு இணையத்தில் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மொரீஷியஸில் ரம், சிரப், பழச்சாறு, ஊறுகாய் என்று எதையாவது பாட்டிலில் அடைத்து விற்கிற நம் ஆட்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எங்களிடமிருந்து 87,400 ரூபாய் போயிருக்கிறது. மொரீஷியஸ் ரூபாய். இந்தியாவில் இருக்கும் என் அண்ணன், "அவ்வளவுதானா?" என்று முதலில் சாதாரணமாகக் கேட்டான். இந்தியக் காசில் கணக்குச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டான்.

அச்சடித்துத் தந்த நிறுவனத்தின் பெயர் சொல்லவில்லை. வக்கீல் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், அதனால் என் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். எப்படிப்பட்ட இடம் என்று மட்டும் சொல்கிறேன். லேபிள், அட்டைப் பெட்டி, பை எல்லாவற்றையும் டிஜிட்டல் முறையில் சின்ன அளவில் அச்சடித்து வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லும் இணையதளம். சொந்தமாக ஒரு மெஷினும் கிடையாது. நம்மிடம் ஆர்டரை வாங்கி வேறு எங்கோ, வேறு யாரிடமோ கொடுப்பார்கள். இது எங்களுக்குப் பணம் போன பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் எப்படிப் பார்த்து ஆர்டர் கொடுப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது சின்னத் தொழில். வீடு ரோஸ் ஹில், பாட்டில் அடைப்பது கோரமண்டல் பக்கம் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில். உள்ளூர் ரம்மில் பழம், வெனிலா போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து விற்கிறோம். உரிமம் எல்லாம் உண்டு. இந்த முறை லிச்சி ஒன்று, அன்னாசி ஒன்று. லிச்சி இங்கே நவம்பர், டிசம்பரில்தான் வரும், எனவே போன டிசம்பர் லிச்சி இந்த வருடக் கடைசிக்குத்தான் பாட்டிலுக்கு வருகிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சுற்றுலாக்காரர் கூட்டம், எல்லாம் சேர்ந்து அந்த ஆறு வாரத்தில்தான் எங்கள் வருடமே ஓடும்.

இவ்வளவு சின்ன அளவுக்கு டிஜிட்டல் அச்சுதான் சரி. பிளெக்ஸோ என்கிற தகடு அச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு செய்ய வேண்டும், இரண்டாயிரம் லேபிளுக்கு அந்தச் செலவு கட்டாது. டிஜிட்டலில் தகடே இல்லை, கோப்பிலிருந்து நேராக அச்சு. ஒவ்வொரு லேபிளிலும் வேறு வேறு எண் போடலாம். 2013இல் ஐரோப்பாவில் கோக் பாட்டில்களில் ஆட்களின் பெயரைப் போட்டு விற்றார்களே, அந்தப் பெயர்களை எச்பி நிறுவனத்தின் இண்டிகோ என்ற டிஜிட்டல் அச்சு மெஷின்களில்தான் அடித்தார்கள். அதைச் சொல்லித்தான் எங்களையும் பிடித்தார்கள்.

பிடித்தது ஒரு தம்பி. இணையதளத்தில் விலை கேட்டுப் படிவம் நிரப்பிய அன்றே வாட்ஸ்அப்பில் வந்தான். என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டான். "அக்கா, நீங்க எந்த ஊரு?" தூத்துக்குடி என்றேன். "அட, நான் ஸ்ரீவைகுண்டம்க்கா!" கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்பதே அபூர்வம். புகுந்த வீட்டில் கிரியோல், கடைத்தெருவில் கிரியோல், வங்கியில் பிரெஞ்சு. அவன் ஏலே என்று யாரையோ பின்னால் அதட்டியதைக் கேட்டதிலேயே எனக்குப் பாதி சந்தோஷம். காவடிக்கு அங்கே அரசு விடுமுறையாமே என்று ஆச்சரியப்பட்டான். என் மாமியார் உடம்பு நலம்கூட விசாரித்தான்.

பேச்சை மட்டும் நம்பிப் பணம் அனுப்பவில்லை. மாதிரி கேட்டோம், அனுப்பினான். அந்த மாதிரி இப்போதும் என் மேசையில் இருக்கிறது, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. தடவினால் நார் தெரிகிற கெட்டிக் காகிதம், கரும்புத் தோகைக்குப் பொன் படலம், எழுத்து விளிம்பெல்லாம் கத்தி மாதிரி. ஐஸ் வாளியில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தோம், காலையில் அப்படியே ஒட்டியிருந்தது. ரம் நனைத்த துணியால் தேய்த்தோம், நிறம் துளி வரவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன சோதிப்பாள்?

லேபிள் ஒன்று 17.50, இரண்டு வகைக்கும் சேர்த்து நாலாயிரத்துக்கு 70,000. கூரியர் 6,000. அதன் மேல் 15 சதவீதம் வாட் வரி, 11,400. மொத்தம் 87,400 ரூபாய். பாதியை ஆர்டரோடு கட்டினோம். மீதி 43,700-ஐ, சுருட்டிய ரோல்களைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு கட்டினோம். படத்தில் ரோல் நன்றாகத்தான் இருந்தது. படத்தில் எதுதான் நன்றாக இல்லை.

பெட்டி வந்தது. பிரித்ததுமே இவர் முகம் மாறிவிட்டது. காகிதம் வேறு. பள்ளிக்கூட நோட்டுக்கு ஒட்டுவது போன்ற சாதாரணப் பளபளப்புக் காகிதம். பொன் படலம் இல்லை, அந்த இடத்தில் மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு மை. சரி, ஒட்டிப் பார்ப்போம் என்று முதல் பெட்டி பாட்டில்களுக்கு ஒட்டினோம். பாட்டில் அடைக்கிறவர்களுக்குத் தெரியும், மூடும்போது கழுத்தில் கொஞ்சம் வழியத்தான் செய்யும், துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுக்குவோம். துடைத்தேன். லிச்சியின் சிவப்பு முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. இன்னொரு பாட்டில். அதுவும். ரம்மில் நூற்றுக்கு 40 சாராயம், அது ரம் பாட்டிலுக்கான லேபிள் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். ரம் பட்டால் கரைகிற மையில் ரம் லேபிளை அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள்! ஐஸ் வாளியில் வைத்தது இன்னும் மோசம். கொஞ்ச நேரத்திலேயே லேபிள் கழன்று தண்ணீரில் மிதந்தது.

போர்ட் லூயிஸில் அச்சுத் தொழிலில் இருக்கும் இவருடைய நண்பர் ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோனோம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். மாதிரியில் புள்ளிகள் வரிசை வரிசையாகப் பூப்போல அமைந்திருக்கின்றன, அது இண்டிகோ போன்ற பெரிய மெஷின் வேலை, மேலே வார்னிஷும் அடித்திருக்கிறார்கள். வந்த சரக்கில் புள்ளிகள் மணலை வாரி இறைத்த மாதிரி கிடக்கின்றன, அது நீர் மையில் ஓடும் சின்ன இங்க்ஜெட். வார்னிஷும் இல்லை, லேமினேஷனும் இல்லை. பசையும் ஈரம் தாங்கும் பசை இல்லை. இரண்டையுமே டிஜிட்டல் அச்சு என்று சொல்லலாம், அதில் பொய் இல்லை என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் தலைக்கேறியது. நல்ல மெஷினில் அடித்ததைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு மட்டமான மெஷினில் அடித்து அனுப்புவது, அதையும் பில்லில் ஒரு வார்த்தை மாறாமல் செய்வது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

இது போதாதென்று மற்றவையும் உண்டு. லேபிளின் அடியில் தமிழில் ஒரு வரி வைத்திருந்தோம், மாமனார் ஆசைப்பட்டது. எழுத்துகளை வடிவமாக மாற்றித்தான் கோப்பு அனுப்பினோம், ஒப்புதலுக்கு அவர்கள் காட்டிய படத்திலும் சரியாகவே இருந்தது. பிறகு அளவு பத்தவில்லை என்று அங்கே யாரோ தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் மறுபடி தட்டியிருக்கிறார்கள். கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய்த் தொங்குகின்றன. 1998இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் மற்ற மொழிகளுக்கிடையே தமிழ் எழுத்தின் வரிசை மாறியதற்காகப் போராடி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தவர்கள் இந்த ஊர்த் தமிழர்கள். அந்த லேபிளோடு பாட்டிலைக் கடையில் வைத்தால் யார் வாங்குவார்கள்? மாமியார் பார்த்துவிட்டுக் கிரியோலில் ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

பார்கோடு அடுத்த கூத்து. எங்களுடையது மொரீஷியஸ் எண்ணான 609இல் தொடங்குவது, கறுப்புக் கோடுகளாக அனுப்பியது. லேபிளுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று செங்காவி நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடையில் இருக்கும் ஸ்கேனரின் ஒளியே சிவப்பு, அதன் கண்ணுக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். பீப் சத்தமே வராது. வரிசை எண்ணோ, ஒவ்வொரு ரோலிலும் திரும்ப 1இல் தொடங்குகிறது.

தம்பிக்குப் படம், வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதலில், "அய்யோ அக்கா, நான் பாத்துக்கிறேன், கவலைப்படாதீங்க." பிறகு, "பிரஸ் டீம்கிட்ட கேட்டிருக்கேன்." பிறகு, "அங்க லீவு அக்கா, திங்கக்கிழமை சொல்றேன்." திங்கட்கிழமை நீல டிக் மட்டும் வந்தது. நானே போன் செய்தால் எடுப்பதில்லை. இவருடைய எண்ணிலிருந்து கூப்பிட்டபோது எடுத்துவிட்டான், என் குரலைக் கேட்டதும் "சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிட்டான்.

அப்புறம் அவன் காணாமல் போய், வாடிக்கையாளர் சேவை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பிரெஞ்சில். பணம் வாங்கும் வரை தமிழ், புகார் கொடுத்ததும் பிரெஞ்சு! அதில், திரையில் தெரியும் நிறமும் அச்சு நிறமும் மாறுவது இயல்பாம். நான் நிறம் மாறியதாகவே சொல்லவில்லை, நிறம் துணிக்கு வந்துவிட்டது என்கிறேன். பதில் எழுதினேன். நீரில் ஊறினால் எந்தக் காகிதமும் உரியும் என்று அடுத்த பதில். அப்படியென்றால் நீங்கள் அனுப்பிய மாதிரி ஏன் உரியவில்லை என்று கேட்டேன். மாதிரி என்பது "தரத்தை உணர்த்துவதற்கு" மட்டுமாம், உற்பத்தி வேறு காகிதத்தில் நடக்கலாம் என்று அவர்களுடைய நிபந்தனைகளில் இருக்கிறதாம். கடைசியாக, நல்லெண்ண அடிப்படையில் அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி என்று கூப்பன் அனுப்பிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று புகாரையே மூடிவிட்டார்கள். 87,400 ரூபாய்க்கு ஒரு கூப்பன். அடுத்த ஆர்டராம்!

இன்னொன்றும் தெரியவந்தது. 11,400 ரூபாய் வாட் வாங்கினார்களே, அந்தப் பில்லில் வாட் பதிவு எண்ணே இல்லை. இங்கே தொழில் செய்பவர்களுக்கு இருக்க வேண்டிய பிஆர்என் என்ற தொழில் பதிவு எண்ணும் இல்லை. ஆக, அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, எங்களாலும் அதைக் கணக்கில் திரும்பப் பெற முடியாது. சைபர் குற்றப் புகார்களுக்கான மவ்கோர்ஸ் தளத்தில் பதிந்திருக்கிறோம், பார்க்கலாம்.

இதற்கிடையில் ஒட்டிய பாட்டில்களை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். ஓர் ஓட்டல் பரிசுப் பைக்காகக் கேட்டிருந்தது, அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். எந்த மெஷின், எந்த மை, எந்தக் காகிதத்தின் பெயர், என்ன வார்னிஷ், எந்தப் பசை, ஐந்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வெறுமனே டிஜிட்டல் அச்சு என்று எழுதிய பில்லுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். "மாதிரியில் உள்ளபடியே" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மீதிப் பணத்தை ரோலின் படத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், அந்த ரோலிலிருந்தே ஒரு முழம் வெட்டி அனுப்பச் சொல்லி, சாராயத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பார்கோடு கறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பிஆர்என், வாட் எண் இல்லாத பில்லா, அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஊர்ப் பேச்சுப் பேசுகிறான் என்பதற்காக யாரையும் நம்பாதீர்கள், தூத்துக்குடிக்காரர்கள் முக்கியமாக.

ரோஸ் ஹில், போர்ட் லூயிஸ் பக்கம் இரண்டாயிரம் மூவாயிரம் லேபிளை வார்னிஷோடு அச்சடித்துத் தருகிற, நேரில் போய்ப் பார்க்கக்கூடிய அச்சகம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நவம்பர் முதல் வாரத்துக்குள் வேண்டும்.