ஏர்பேக் எச்சரிக்கை விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள், ஏர்பேக்கைத் துண்டித்தே வைத்திருந்தார்கள்

பழுது நீக்கப்பட்டது என்று பணிமனையில் ரசீது எழுதி என்னிடம் ஒப்படைக்கப்பட்ட காரில், ஓட்டுநர் பக்க ஏர்பேக் பல மாதங்களாக மின் இணைப்பே இல்லாமல் கிடந்திருக்கிறது. அதன் இடத்தில் ரெசிஸ்டர் எனப்படும் ஒரு சிறிய மின்தடையைச் செருகி, டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கை அணைத்திருந்தார்கள். என் குடும்பத்தினர் அனைவரும் அந்த இருக்கையில் அமர்ந்து வண்டியை ஓட்டியிருக்கிறார்கள். இதே வேலையை வேறு எவருக்கும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே, நடந்ததைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இக்னிஷனைப் போட்டவுடன் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து, தன் சோதனையை முடித்துக்கொண்டு அணைய வேண்டும். என் காரில் அது அணையாமல் எரியத் தொடங்கியது. அதே சமயத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி ஹாரனை அழுத்தினால், அதுவும் விட்டுவிட்டே ஒலித்தது. இந்த இரண்டு அறிகுறிகளும் ஒன்றாகத் தோன்றினால், விவரம் தெரிந்த எந்த மெக்கானிக்கும் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிளாக் ஸ்பிரிங்கைத்தான். ஸ்டீயரிங்கின் பின்னால் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும் அந்தத் தட்டையான கேபிள் வழியாகத்தான் ஏர்பேக்கின் ஒயர்களும் ஹாரனின் ஒயரும் செல்கின்றன; நாள்பட்ட உபயோகத்தில் அதன் தடம் விரிசல் விட்டால் இரண்டும் சேர்ந்தே தொல்லை கொடுக்கும். வண்டியின் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் கருவியிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் சுற்றில் மின்தடை அதிகம் என்றுதான் பிழைக் குறியீடு வந்திருந்தது.

ஹாரனைப் பற்றி நான் சொன்னதைப் பணிமனையில் எவரும் பொருட்படுத்தவில்லை. முதலில் குறியீட்டை அழித்துவிட்டு, சரியாகிவிட்டது என்றார்கள். ஸ்டீயரிங் ஒருமுறை முழுவதுமாகத் திரும்பியதும் விளக்கு மறுபடியும் எரிந்தது. அடுத்து, ஏர்பேக்கைக் கண்காணித்து இயக்கும் கண்ட்ரோல் யூனிட்டே போய்விட்டது, மாற்றினால்தான் ஆகும் என்று கூறி, அதற்குரிய பெருந்தொகையை வாங்கிக்கொண்டார்கள். கழற்றிய பழைய யூனிட்டைக் கேட்டபோது, நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. விளக்கு அணைந்திருந்தது. ஹாரன் மட்டும் பழையபடியே இருந்தது.

அந்த ஹாரனுக்காக வேறொரு மெக்கானிக்கிடம் சென்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஹாரன் அறுந்து அறுந்து ஒலிக்கிறது, ஆனால் ஸ்கேனரில் ஏர்பேக் சுற்றின் மின்தடை இம்மியும் அசையவில்லை. இரண்டும் ஒரே சுருள் வழியாகப் போகும்போது இது எப்படிச் சாத்தியம் என்று அவர் ஐயப்பட்டார். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, யூனிட்டில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்குக் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்து, ஸ்டீயரிங் தண்டின் கீழ் மூடியைத் திறந்தார். கிளாக் ஸ்பிரிங்குக்குச் செல்லும் மஞ்சள் கனெக்டர் கழற்றப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. யூனிட்டிலிருந்து வரும் இரண்டு ஒயர்களுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரை வைத்து டேப் சுற்றியிருந்தார்கள். நடுக் கன்சோலின் அடியில் பார்த்தால், புதிதாக மாற்றியதாகச் சொன்ன யூனிட்டின் போல்ட்டுகளின் மேல் பல ஆண்டுத் தூசி கலையாமல் படிந்திருந்தது.

ஏர்பேக்கைப் பற்றவைக்கும் சிறு வெடியூக்கியின் மின்தடை ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று ஓம் வரை இருக்கும். கண்ட்ரோல் யூனிட் ஓயாமல் கண்காணிப்பது அந்த அளவைத்தான். அதே அளவுள்ள ரெசிஸ்டரைச் செருகிவிட்டால், ஏர்பேக் இருக்கிறது என்றே அது கணக்கில் கொள்ளும். பழுது ஏர்பேக்கில் இருக்கிறதா, ஒயரில் இருக்கிறதா என்று பிரித்தறிவதற்காகத் தேர்ந்த மெக்கானிக்குகளும் இப்படி ஒரு மாற்று மின்தடையைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்ப்பார்கள். சோதனை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அந்தச் சோதனை முறையையே பழுதுபார்ப்பு என்று விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலாவது ஆபத்து இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்கும். அந்த எச்சரிக்கையையும் பறித்துவிட்டார்கள்.

ஏர்பேக் வேலைக்கு வண்டியை விடுபவர்கள், பிழைக் குறியீட்டையும் அதன் விளக்கத்தையும் எழுத்தில் வாங்குங்கள். இன்ஜின் குறியீடுகளை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர்களுக்கு ஏர்பேக் பகுதி பெரும்பாலும் எட்டாது என்பதால், எந்தக் கருவியால் படித்தார்கள் என்பதையும் கேளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும், பழையதை உங்கள் கண்முன் வைக்கச் சொல்லுங்கள். வண்டியைத் திரும்பப் பெறும்போது, இக்னிஷன் போட்டதும் விளக்கு எரிந்து பிறகு அணைகிறதா என்று பாருங்கள். தொடக்கத்திலேயே எரியவில்லையென்றால் பல்பையே பிடுங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்திருந்தால் இந்தச் சோதனையிலும் தெரியாது என்பதால், கிளாக் ஸ்பிரிங்கோ கனெக்டரோ பொருத்தப்படும்போது அருகில் நின்று பார்ப்பது நல்லது. இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர் தளர்ந்தாலே விளக்கு எரியக்கூடும். அதைக் காட்டி யூனிட்டை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

சந்தேகம் வந்தாலும், தயவுசெய்து நீங்களே மல்டிமீட்டரையோ டெஸ்ட் லாம்ப்பையோ ஏர்பேக்கின் முனைகளில் வைத்துவிடாதீர்கள். அவற்றிலிருந்து பாயும் மின்னோட்டத்தால் ஏர்பேக் முகத்துக்கு நேரே வெடித்து விரியும் அபாயம் உண்டு.

என் காரில் இப்போது புதிய கிளாக் ஸ்பிரிங், சக்கரங்களை நேராக நிறுத்தி, சுருளை மையப்படுத்திய பின்னரே பொருத்தப்பட்டிருக்கிறது. ஏர்பேக்கும் மீண்டும் இணைக்கப்பட்டுவிட்டது. ஏமாற்றிய பணிமனை ரெசிஸ்டரின் புகைப்படத்தைப் பார்த்த பிறகும், அது தங்கள் வேலையல்ல என்று மறுத்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. ரசீதையும் புகைப்படங்களையும் இணைத்து நுகர்வோர் புகார் அளித்திருக்கிறேன்.