வெர்மென்டினோ, வெர்டிக்கியோ, சொவாவே: எந்தத் தட்டுக்கு எது?

இத்தாலிய வெள்ளை ஒயின் என்றாலே பலரும் பினோ கிரீஜியோவில் தொடங்கி அதிலேயே நின்றுவிடுகிறார்கள். சாப்பாட்டோடு அருந்த அதைவிடப் பொருத்தமானவை இந்த மூன்றும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. ‘மீனுக்கு வெள்ளை ஒயின்’ என்ற பொது விதியும் இங்கே உதவாது. தட்டில் புளிப்பு தூக்கலா, உப்பு தூக்கலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மார்க்கே மாநிலத்தின் துறைமுக நகரம் அன்கோனா. அங்கே பிரோதெத்தோ என்ற மீன் குழம்பு வைக்கிறார்கள். மரபுப்படி 13 வகை மீன்கள். தக்காளியோடு வினிகரும் சேரும். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சிவிட்டால் ஒயின் வெறும் தண்ணீர்போலச் சப்பென்றாகிவிடும். வெர்மென்டினோவுக்கு இங்கே நேர்வது அதுதான். அதே மாநிலத்தில் விளையும் வெர்டிக்கியோ ஈடுகொடுக்கிறது. முதல் மிடறில் எலுமிச்சையின் கூர்மை. விழுங்கிய பிறகு அடிநாவில் பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பு எண்ணெய்ப் பண்டங்களுக்கும் நல்லது. இறைச்சி அடைத்துப் பொரித்த அஸ்கோலி ஆலிவ்களைத் தின்றபின் ஒரு மிடறு குடித்தால் வாய் சுத்தமாகிவிடுகிறது.

வெர்டிக்கியோவிலும் இரண்டு உண்டு. யேசி ஊரைச் சுற்றிய குன்றுகளுக்குக் கடற்காற்று வருகிறது; அந்த ஒயின் சற்றுச் சதைப்பற்றானது, அதாவது வாயில் கனம் தெரியும். மாத்தெலிக்காவின் பள்ளத்தாக்கோ கடற்கரைக்கு இணையாக, மலைகளுக்கு நடுவே ஓடுகிறது. இரவுக் குளிர் அதிகம் என்பதால் புளிப்பு இன்னும் கூர்மை. அன்கோனாக்காரர்கள் யேசியின் பக்கம் நிற்கலாம். வினிகர் சேர்ந்த குழம்புக்கு என் கை மாத்தெலிக்காவைத்தான் எடுக்கும்.

உப்பு என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். சார்டினியாவின் கப்ராஸ் ஊரில் மடவை மீனின் சினையை உப்பிட்டு அழுத்தி உலர்த்துகிறார்கள். பொத்தார்கா என்ற அந்தக் கட்டியைச் சூடான ஸ்பகெட்டியின் மேல் துருவிப் போட்டு ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் போதும், வேறெதுவும் வேண்டாம். இதற்கு வெர்டிக்கியோ சற்று முரட்டுத்தனம். தீவின் வடகிழக்கே கல்லூராவின் கருங்கல் மணலில் விளையும் வெர்மென்டினோவில் புளிப்பு மிதம், புதர்ச்செடிகளின் வாசம், லேசான உப்புச் சாயல். 1996 முதல் இத்தாலியின் உயர்ந்த தரச் சான்றான டிஓசிஜி பெற்றது. சார்டினியாவில் அதைப் பெற்ற ஒயின் இது ஒன்றுதான். எதிர்க்கரையான லிகூரியாவிலும் வெர்மென்டினோ உண்டு. உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த பாஸ்தாவில் பெஸ்தோ என்ற பேசில் இலை விழுதைப் பிசறிச் சாப்பிடும்போது அதைத்தான் தேட வேண்டும். பேசில் இலையின் வாசத்தோடு இவ்வளவு இயல்பாகச் சேரும் ஒயின் மற்ற இரண்டிலும் இல்லை.

சொவாவே இவற்றைவிட மென்மையானது. வெரோனாவுக்குக் கிழக்கே கர்கானேகா திராட்சையிலிருந்து வருவது. காரசாரமான தட்டில் இதன் குரல் கேட்காது. பச்சைப் பட்டாணியும் அரிசியும் குழைய வெந்த ரீசி-எ-பீசிக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. வாங்கும்போது லேபிளில் ‘கிளாசிக்கோ’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய குன்றுப் பகுதியில் விளைந்தது. சமவெளித் தோட்டங்களில் விளைச்சல் கூடுதல், அதனால் சுவையும் பெரும்பாலும் நீர்த்துப்போகும்.