முதலில் தண்ணீரா, 'தண்ணி'யா? பார்ட்டி படகும் பவளப்பாறையும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள், வலையைச் சரிபார்ப்பார்கள். என் மச்சான் எங்கள் கையில் சிக்குவது அந்த இரண்டு மாதம்தான். மற்ற நாளெல்லாம் கடலில் இருப்பான், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருப்பான்.

இந்தத் தடவை அவனே ஒரு ரீல்ஸ் கொண்டுவந்து காட்டினான். வெள்ளைப் படகு, மேல்தளத்தில் டிஜே, ஆளுக்கொரு கிளாஸ். அடுத்த நொடியில் அதே ஆட்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு பச்சைத் தண்ணீரில் குதித்துப் பவளப்பாறை பார்க்கிறார்கள். ஓரத்தில் 'அடல்ட்ஸ் ஒன்லி' என்று எழுதியிருந்தது. "அரை நாள்தான் மாமா. ரெண்டும் ஒரே டிக்கெட்ல முடிஞ்சிரும்" என்றான்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கினார். "அடல்ட்ஸ் ஒன்லியா? அதுல இன்னாத்தடா காட்டுவாங்க?"

காட்டுவதற்கு ஒன்றுமில்லை. படகில் பார் திறந்திருக்கும், பாட்டு காதைக் கிழிக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, அதனால் குழந்தைகளை ஏற்றமாட்டார்கள். அவ்வளவுதான் அதன் பொருள். வயசுக் கணக்குதான் ஊருக்கு ஊர் மாறும்: குடிக்கும் வயது தமிழ்நாட்டில் 21, கோவாவில் 18, தாய்லாந்தில் 20. எங்கள் மூன்று ஜோடியில் எல்லோருமே நாற்பதை நெருங்குகிறவர்கள், அந்தக் கவலை இல்லை. குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவதாகத் திட்டம்.

முதலில் ஊரிலேயே தேடினோம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எங்கள் கரையில் இருக்கிற ஒரே பாறை, லாரியில் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்தான். துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போனது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது, அதைத் தடுக்கக் கொட்டிய கல். ஆழத்தில் மீனவர்கள் 'பார்' என்று சொல்கிற பாறைத்திட்டுகள் உண்டு, மச்சானுக்கு மீன் கிடைக்கும் இடங்கள் அவை. ஆனால் பவளம் வளர வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் இறங்கத் தண்ணீர் தெளிவாக இருக்கவேண்டும். எங்கள் கடல் பாதி நாள் கலங்கல். எண்ணூர் பக்கம் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டி, வாளி வாளியாக மொண்டு எடுத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய். இங்கே மாஸ்க் போட்டு முங்கினால் மாஸ்க்கைத்தான் பார்க்கலாம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் தொடங்கிய சொகுசுக் கப்பல் பயணத்தையும் பேசினோம். பாட்டு, நீச்சல் குளம், பஃபே எல்லாம் உண்டு. ஆனால் குடும்பம் குட்டியோடு ஏறுகிற கப்பல் அது, கடலில் கால் நனைக்கவும் முடியாது. மன்னார் வளைகுடா? 21 தீவு, 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை கண்ணாடி அடிப்படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறது, போகலாம். டிஜே வைத்துப் போனால் வழக்கு வரும். பவளத்தை உடைத்தால் அது புலியைத் தொட்ட மாதிரி, வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை.

மிச்சம் நின்றவை நான்கு: கோவா, தாய்லாந்து, அந்தமான், திருகோணமலை.

கோவாவுக்கு நான் ஏற்கெனவே போய்ப் பட்டவன். அங்கே கிராண்டே தீவுப் பயணம் என்று விற்பார்கள்: டால்பின், ஸ்நார்க்கெலிங் (மாஸ்க் மாட்டி, ட்யூபில் மூச்சு விட்டபடி முகம் கவிழ்த்து மிதப்பது), சுட்ட மீன், பீர், மத்தியானத்துக்குள் கரை. பெயர் வேண்டாம், நாங்கள் ஏறிய படகில் காலை ஒன்பதுக்கே பீர் திறந்தார்கள். டால்பின் இருந்த திசையில் எல்லோரும் ஒரே பக்கம் ஓடினார்கள், படகு சாய்ந்தது. பதினொன்றுக்குத் தீவோரம் நங்கூரம் போட்டபோது, இரண்டு பீர் உள்ளே போயிருந்த என் நண்பன் (மணலியில் வேலை, நீச்சல் தெரியும்) கீழே பார்த்தபடி மிதந்தான், ட்யூப் வழியாகவே வாந்தி எடுத்தான். லைஃப் ஜாக்கெட்டில் மூன்று கொக்கியில் ஒன்றுதான் மாட்டும். தண்ணீர் நீராகாரம் மாதிரி, சோற்றுப் பருக்கைக்குப் பதிலாக நாலு வரிமீன். ஆளுக்கு இருபது நிமிஷம் தண்ணீரில், மீதி நேரம் படகில். கோவா விலை குறைவு, விமானத்தில் ஒன்றரை மணி நேரம், பாட்டும் கூத்தும் வேண்டுமென்றால் குறையே சொல்ல முடியாது. பவளப்பாறைக்காகப் போகிற இடமல்ல. மழைக்காலத்தில் படகும் ஓடாது, மே கடைசிக்குள் போய்விடவேண்டும்.

அங்கிருந்து திரும்பியபோது நாங்கள் கற்றுக்கொண்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது. எந்தப் படகுக்காரரிடமும் முதலில் அதைக் கேளுங்கள். நல்ல படகு என்றால், கடைசி ஆள் ஏணியில் ஏறி மாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்வரை பார் மூடியிருக்கும். "அதெல்லாம் உங்க இஷ்டம் சார்" என்று பதில் வந்தால் வேறு படகு பார்ப்பது நல்லது. கடல் மயக்கத்துக்கு அவோமின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மாத்திரையே தூக்கம் தரும், மேலே மது சேர்ந்தால் தள்ளாட்டம் இரட்டிப்பு. அந்த நிலையில் ஆழத்துக்கு மேலே மிதப்பது விளையாட்டு இல்லை.

தாய்லாந்துதான் மச்சான் காட்டிய ரீல்ஸ். அங்கே இதை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள், அதை மறுக்க முடியாது. இரட்டை அடிப்பாகம் உள்ள அகலமான படகு, அதிகம் ஆடாது, நடுவில் வலை கட்டிப் படுத்துக்கொள்ளலாம். கேட்டமரான் என்கிறார்கள். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. இதைச் சொன்னதும் மச்சான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "மரமும் இல்ல, கட்டும் இல்ல, பேர மட்டும் எடுத்துக்கினாங்க."

ஆனால் அரை நாள் பயணத்தைப் பிரித்துப் பாருங்கள். போக வர மூன்று மணி நேரம், சாப்பாடு ஒரு மணி, கடற்கரையில் படம் எடுக்க ஒரு மணி. தண்ணீருக்குள் முக்கால் மணி கிடைத்தால் அதிர்ஷ்டம், அதுவும் இன்னும் ஐந்தாறு படகு நிற்கிற அதே இடத்தில். விளம்பர விலையில் தேசியப் பூங்காக் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. பீ பீ தீவுகளுக்கு வெளிநாட்டவருக்கு 400 பாட் தனி. பூங்கா எல்லைக்குள் மது தடை, பவளத்தைக் கெடுக்கும் நாலு ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனுக்கும் 2021 முதல் தடை. அதாவது சட்டப்படி நடக்கிற படகாக இருந்தால் நல்ல பாறை இருக்கும் இடத்தில் பார்ட்டி நடக்காது, பார்ட்டி நடக்கும் இடத்தில் நல்ல பாறை இருக்காது. ரீல்ஸில் ரெண்டும் ஒட்டி வருவது வெட்டி ஒட்டியதால்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் மாதம். புக்கெட் பக்கம் மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிவிடும். சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைக்கிறார்கள். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே சுற்றுலாப் படகு ஒன்று புயலில் கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். "காத்து தெரியாம போட்ட எவன் எடுத்தான்?" என்று மச்சான் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். தாய்லாந்து வளைகுடாப் பக்கம், சாமுய் மாதிரி இடங்கள், அந்த மாதத்தில் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் பாங்காக் போய் அங்கிருந்து இன்னொரு விமானம் என்றால் கணக்கு எகிறுகிறது. பவளம் முக்கியமே இல்லை, மூன்று நாள் கூத்துதான் வேண்டும் என்கிறவர்களுக்குத் தாய்லாந்தை விட்டால் வேறு இடம் நான் சொல்லமாட்டேன்.

அந்தமான் நேர் எதிர். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தால் போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆட்டோக்காரருக்கு இரண்டும் புரியும்). அங்கிருந்து ஹேவ்லாக் போய், எலிஃபன்ட் பீச்சில் இறங்கலாம். நீச்சல் தெரியாதவர்களை ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, வழிகாட்டி கையால் இழுத்துக்கொண்டு போவார். என் மனைவிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. ஜாலி பாய் தீவில் பிளாஸ்டிக்குக்கே அனுமதியில்லை. 2010 கோடையில் கடல் சூடாகி அங்கே பவளம் நிறையவே வெளுத்துப்போனது. எல்லா இடமும் பழையபடி தேறிவிடவில்லை, இருந்தும் பவளம் பார்க்க நல்ல இடம்தான். கும்மாளம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், பார் வேண்டுமென்றால் ரிசார்ட்டுக்குள். மே மூன்றாம் வாரம் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது அங்கேதான். எங்களுக்குத் தடைக்காலத்தில் முதல் நாலு வாரம்தான் கிடைக்கும், அப்போது விமானக் கட்டணம் பள்ளி விடுமுறை விலையில் நிற்கிறது.

நான்காவது, யாரும் ரீல்ஸில் காட்டாத ஒன்று. திருகோணமலையிலிருந்து கொஞ்சம் வடக்கே நிலாவெளி. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாத் தீவு. வெள்ளைக்காரன் காலத்தில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்த தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. பத்துப் பதினைந்து நிமிஷப் படகுப் பயணம், கரையிலிருந்தே நடந்து இறங்கினால் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் பவளம். கருந்துடுப்புக் குட்டிச் சுறாக்கள் சுற்றும், மனிதனைக் கண்டால் அவைதான் ஒதுங்கிப்போகும். முக்கியமான விஷயம், அந்தக் கடலின் நல்ல பருவம் மே முதல் செப்டம்பர் வரை. கோவாவும் புக்கெட்டும் அந்தமானும் மூடுகிற நேரத்தில் இது திறக்கிறது. எங்கள் தடைக்காலத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. படகுக்காரரோடு தமிழிலேயே பேரம் பேசலாம். பாட்டு, பார் எதுவும் தீவில் கிடையாது. அதற்கு உப்புவெளிக் கடற்கரையில் மாலையில் கடைகள் இருக்கின்றன, காலையில் பார்த்ததை மாலையில் பேசிக்கொண்டு உட்காரலாம்.

குறையும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குச் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம், அப்புறம் சாலையில் நான்கைந்து மணி நேரம். விடுமுறை நாளில் தீவில் கூட்டம் ஏறிப் பவளத்தின் மேலேயே நிற்கிறார்கள், அதனால் காலை முதல் படகில் போய்விடவேண்டும். கரை முழுக்க உடைந்த பவளத் துண்டு, வெறுங்காலோடு நடந்தால் கிழிக்கும். மச்சானுக்கு வேறு ஒரு சந்தேகம். "படகுல அந்தப் பக்கம் போனா புடிச்சு உள்ள வெப்பான். பிளேன்ல போனா வெல்கம் ட்ரிங்க் குடுப்பானா மாமா?" சிரித்தோம். அவனுக்குத் தெரிந்தவர்களே சிறையில் இருந்து வந்திருக்கிறார்கள், அதனால் சிரிப்பு நீளவில்லை.

ஆக என் ஓட்டு திருகோணமலைக்கு. பணமும் நாளும் கூடுதலாக இருந்து, ஏப்ரல் கடைசியிலேயே கிளம்ப முடிந்தால் அந்தமான். ஒரே டிக்கெட்டில் இரண்டும் என்கிற படகை மட்டும் விட்டுவிட்டேன்.

மாஸ்க் இரண்டு வாங்கி வந்தோம். வாடகை மாஸ்க்கை நம்பாதீர்கள், கோவாவில் எனக்குக் கிடைத்ததில் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது. கடையிலேயே சோதித்துவிடலாம்: வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். எனக்கு நின்றது. மச்சானுக்கு விழுந்துகொண்டே இருந்தது. அவன் மீசை அப்படி. சிலிக்கான் விளிம்பு தோலில் உட்காரவேண்டும், மயிரில் உட்கார்ந்தால் அந்த இடைவெளியில் தண்ணீர் ஏறும். வாஸ்லின் தடவிப் பார்த்தான், மொட்டைமாடியில் பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ரொப்பித் தலையை முக்கினான், கண்வரை தண்ணீர். கடைசியில் மூக்குக்குக் கீழே மெல்லிசாக ஒரு கோடு மட்டும் சிரைத்துக்கொண்டான். மறுபடி முக்கினான். ஒரு நிமிஷம் ஆகியும் தலை வெளியே வரவில்லை, ட்யூபில் மட்டும் மூச்சுச் சத்தம். டப்பின் அடியில் என்ன பார்த்தானோ. எழுந்ததும், "பதினாறு வயசுலேர்ந்து கடலுக்குப் போறேன், உள்ள இன்னா இருக்குன்னு ஒருநாள்கூட பார்த்ததில்ல மாமா" என்றான்.

துணி காயப்போட வந்த மாமியார் கேட்டார், "எந்த ஊர்னு முடிவாச்சு?"

"திருகோணமலை அத்தை."

"கோணேஸ்வரர் கோயில் இருக்கிற ஊரா? சம்பந்தர் பாடின தலமாச்சே." வாளியைக் கீழே வைத்தார். "அப்ப நானும் வரேன். புள்ளைங்களையும் கூட்டிக்கலாம்."